ஏழு தாள் ஜப்பான் பாட்டு

அந்தத் தாள் கட்டு வந்த அன்று வீட்டில் இருந்தது அம்மா. அக்கா. அம்மாவின் கடைசித் தம்பியான மாமா. நான். அதை இறக்கிப் போட்ட ஏஜெண்டு வாசலோடு சரி, உள்ளே வரவில்லை. அவ்வளவு பேர்தான். அப்பா கிடையாது. எனக்கு நாலு வயதாக இருக்கும்போதே பட்டாசுக் கம்பெனியின் மருந்து ரூம் வெடித்ததில் போய்விட்டார்.

எனக்கு அப்போது பதினொன்று. அம்மா வழி ஆட்கள் எல்லோரும் மல்லாங்கிணற்றுப் பக்கம் காட்டு வேலைக்குப் போனவர்கள். மழை ஏமாற்றி ஏமாற்றி, கம்பெனி வேன் வந்து போகிற ஊராகப் பார்த்து சிவகாசிப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். வேன் வந்தால் சோறு உண்டு. அந்த வேனில் போன அப்பா திரும்பாததால் அம்மா வேன் ஏறுவதை விட்டுவிட்டாள். வீட்டில் உட்கார்ந்து குழாய் உருட்டினாள். அக்கா ஒன்பதாவதோடு நின்று கூட உருட்டினாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து உருட்டுவேன்.

வெடி என்பது மருந்து உள்ளே போவதற்கு முன்னால் வெறும் தாள் குழாய். அது எங்களைப் போன்ற வீடுகளிலிருந்துதான் சாக்குச் சாக்காகக் கம்பெனிக்குப் போகும். பிரஸ்ஸில் அடித்துக் கெட்டுப்போன வேஸ்ட் தாளை ஏஜெண்டு எடைக்கு வாங்கி வந்து போடுவார். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகள் பாடப் புத்தகம், எது வந்தாலும் எங்களுக்கு ஒன்றுதான். தாளை அடுக்கிவைத்து, அச்சு இல்லாத வெள்ளை ஓரத்தை முதலில் நறுக்கித் தள்ளுவோம். பிறகு நீளக் கத்தியால் அளவுக்கு வெட்டுவோம். மைதா பசையில் மயில்துத்தம் போட்டுக் கலக்கி வைத்திருக்கும். பசை தடவி, இரும்புக் கம்பியில் சுற்றி, கைப்பலகையால் ஒரு தள்ளு. குழாய் ஆகிவிடும்.

இந்த வேலையில் ஒரே ஒரு கட்டளை உண்டு. தாளை மடிக்கக் கூடாது. மடிப்பு விழுந்த தாளில் சுற்றினால் குழாய் அந்த இடத்தில் வாய் பிளக்கும். மருந்து கசியும். கசிந்தால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. படுத்துக் கிடக்கிற தாளை படுத்த வாக்கிலேயே வெட்ட வேண்டும்.

மாமாவுக்கு இருபத்துமூன்று வயது. அவரும் மருந்து கலக்கிற ரூமில்தான் வேலை பார்த்தார். சாயந்திரம் வேனிலிருந்து இறங்கும்போது முகம், காது, புருவம் எல்லாம் வெள்ளிப் பவுடர் அப்பியிருக்கும். கோயில் சிலைக்கு வெள்ளிக் காப்புப் போட்ட மாதிரி வருவார். அவருக்கும் அக்காவுக்கும் முறை இருந்தது. தாய்மாமன் கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். கேட்கவும் செய்தார். அம்மா கை வேலையை நிறுத்தாமல் பதில் சொன்னாள்.

"நான் ஒரு மருந்துக்காரனுக்கு வாக்கப்பட்டது போதும் தம்பி. இவளும் எதுக்கு? வேற சோலி பாத்துட்டு வா. கண்ண மூடிக்கிட்டுத் தாரேன்."

அக்கா தலை நிமிரவில்லை. ஆனால் அன்று அவள் உருட்டிய குழாய்கள் தளர்ந்து போயிருந்தன என்று அம்மா மறுநாள் திட்டினாள்.

வேறு சோலி எங்கே இருக்கிறது. தீப்பெட்டி ஆபீசிலும் மருந்துதான். பிரஸ்ஸில் ஆள் சேர்ப்பதற்குத் தெரிந்தவர்கள் வேண்டும். மாமாவுக்குத் தெரிந்தவர் என்று இருந்தது ஒரே ஒருத்தர். விருதுநகரில் இன்னிசைக் குழு வைத்திருந்த அண்ணாச்சி. கோயில் பொங்கலுக்கு ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்கிற குழு. கம்பெனி லீவில் மாமா அவர்களுக்கு ஸ்பீக்கர் பெட்டி தூக்கப் போவார். அந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன் திடீரென்று திருப்பூருக்குப் போய்விட்டான். கிட்டார் சும்மா கிடந்தது. மாமா கேட்டார். அண்ணாச்சி சிரித்துவிட்டு, சரி எடுத்துட்டுப் போ என்றாராம். பங்குனிப் பொங்கலுக்கு முன்னால் வந்து ஏதாவது ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரை விடாமல் வாசித்துக் காட்ட வேண்டும். எந்தப் பாட்டானாலும் சரி. தேறினால் குழுவில் சேர்த்துக்கொள்வார். தேறாவிட்டால் கிட்டாரை வைத்துவிட்டுப் போக வேண்டும்.

தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு விட்டிருந்தார்கள். மாமா அந்தக் கிட்டாரைத் துணியில் சுற்றி எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தார். அவர் இருந்த இடத்தில் நாலு பேர் ஒரு ரூமில் படுத்திருந்தார்கள், அங்கே வைக்க முடியாது. கிட்டார் என்றால் ஆறு கம்பி என்று நான் நினைத்திருந்தேன். இதில் நாலுதான். தடித்தடியான கம்பி. தட்டினால் சத்தமே வரவில்லை. கரண்டு பெட்டியில் சொருகினால்தான் சத்தம் வரும் என்றார். அந்தப் பெட்டி நம்மிடம் இல்லையே என்றேன். ஆமாம், இல்லை என்றார்.

எப்படி வாசிப்பது என்றும் அவருக்குத் தெரியவில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ரேடியோவில் பாட்டு கேட்டுப் பழகலாம் என்றால், எங்கள் ரேடியோவில் பேஸ் சத்தம் மட்டும் கேட்காது. பத்து நாள் சும்மா தடவிக்கொண்டிருந்தார். அம்மா சாடையாகப் பேச ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அந்தத் தாள் கட்டு வந்தது.

நல்ல வழுவழுப்பான தாள். ஒரு பக்கம் மட்டும் அச்சு, மறுபக்கம் வெள்ளை. எங்கேயோ வெளிநாட்டு ஆர்டர், கலர் தப்பிவிட்டது, மொத்தமாகக் கழித்துவிட்டார்கள் என்று ஏஜெண்டு சொல்லிவிட்டுப் போனார். பெரிய பெரிய தாள். ஒவ்வொன்றிலும் அதே எட்டுப் பக்கம் அச்சாகியிருந்தது. மேல் வரிசை நாலும் தலைகீழாக நின்றது. அது எப்போதும் அப்படித்தான் வரும், நாங்கள் ஏன் என்று கேட்டதில்லை. அக்கா ஓரத்தை நறுக்கினாள். பக்கங்களுக்கு நடுவில் ஓடிய வெள்ளைக் கோட்டின் மேலேயே கத்தியை ஓட்டி, தாளை எட்டு எட்டாகப் பிரித்தாள். கீழ் வரிசையை இடமிருந்து வலமாக அடுக்கினாள். மேல் வரிசையைத் திருப்பிவைத்து, அதையும் இடமிருந்து வலமாக அடுக்கினாள். அவள் வேலை அவ்வளவு சுத்தம்.

மாமா ஒரு துண்டை எடுத்தார். பார்த்தார். பக்கத்திலிருந்த துண்டையும் எடுத்தார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துவிட்டார்.

"அக்கா, உருட்டாத."

"வேஸ்ட் தாளப் பாத்து என்னலே இப்படி முழிக்க?"

அவர் கிட்டாரைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். தாளில் நாலு கோடு போட்டிருந்தது. கிட்டாரில் நாலு கம்பி. கோட்டின் மேல் எண்கள். மூன்று மூன்று மூன்று மூன்று. பிறகு ஐந்து ஐந்து ஐந்து ஐந்து. கோட்டுக்குக் கீழே சின்னச் சின்னப் பெட்டி மாதிரி வேறு எழுத்து. ஒரு துண்டில் மட்டும் எண் கிடையாது. அதில் பெரிய எழுத்து, ஒரு கை நாலு கம்பியைப் பிடித்திருக்கிற படம், எந்த இடத்துக்கு எந்த எண் என்று கோடு இழுத்த குறிப்பு. நான் கூட அதைப் பார்த்ததும் புரிந்துகொண்டேன்.

பெரிய எழுத்தில் கொஞ்சம் இங்கிலீஷும் இருந்தது. தெருக்கடைசியில் இருந்த சர்ச் டீச்சரிடம் காட்ட மாமா அதை என்னிடம் கொடுத்தனுப்பினார். டீச்சர் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, மற்ற எழுத்து ஜப்பான் எழுத்து என்றார். புதிதாக பேஸ் கிட்டார் பழகுகிறவர்களுக்கு ரொம்பச் சுலபமான ஜப்பான் பாட்டுகள் என்று போட்டிருக்கிறதாம். இதை வைத்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். கல்யாணம் என்று சொன்னேன். எனக்கு அப்படித்தான் பட்டது. டீச்சர் சிரித்தார்.

ஒரு செட்டை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு மிச்சத்தை அம்மா உருட்டிவிட்டாள். கைப் படம் போட்ட துண்டைத் தள்ளிவிட்டால் வாசிக்க ஏழு தாள். அக்கா அவற்றை அடுக்கிய வரிசையிலேயே பழைய காலண்டர் அட்டையில் கிளிப் போட்டு ஆணியில் மாட்டினாள்.

முதல் தாளில் எண்களுக்கு மேலே ஒரு குடைப் படம். இரண்டாவதில் படம் இல்லை. மூன்றாவதில் ஒரு சைக்கிள். நாலாவதில் பூனை. ஐந்தில் படம் இல்லை. ஆறில் மீன். ஏழில் ஒன்றும் இல்லை. பக்க எண் எதிலும் கிடையாது. எல்லாம் சேர்த்து ஒரே நீளப் பாட்டு என்று முடிவு செய்துகொண்டோம். பாட்டுகள் என்று டீச்சர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. இருந்தது ஏழு தாள், எங்கள் ஊர்ப் பாட்டுப் புத்தகத்தில் ஒரு பாட்டுக்கு ஒரு தாள் போதும், ஜப்பான்காரனுக்கு ஏழு தேவைப்படும்போல. அக்கா அதற்கு ஒரு கதையும் கட்டினாள். மழை பெய்கிறது. ஒருத்தன் குடை பிடித்து நடக்கிறான். நடந்து அலுத்துப்போய் சைக்கிள் எடுக்கிறான். வழியில் பூனை. பூனைக்கு மீன் வாங்கப் போகிறான். கடைசித் தாளில் என்ன நடக்கிறது என்று கேட்டேன்.

"கடைசில வீட்டுக்கு வந்துருவான்" என்றாள்.

மார்கழி முழுக்க அது ஓடியது. கம்பெனி திறந்துவிட்டார்கள். மாமா வேனை விட்டு இறங்கியதும் நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் வெள்ளி போகாது. கம்பியெல்லாம் வெள்ளி ஒட்டியிருக்கும். சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக, கிட்டாரின் அடிப்பக்கத்தை நாங்கள் குழாய் உருட்டுகிற பெரிய பலகையின் மேல் அழுத்திவைத்து வாசித்தார். அப்போது பலகை முனகும். காதில் விழுகிறதைவிட உள்ளங்கையில் அதிகம் தெரியும். நான் அந்தப் பாட்டைக் கேட்டேன் என்று சொல்ல முடியாது. உருட்டினேன்.

அக்கா கம்பியில் தாளைச் சுற்றிக்கொண்டே எண் சொல்லுவாள். மூணு மூணு மூணு மூணு. அஞ்சு அஞ்சு அஞ்சு அஞ்சு. சுலபப் பாட்டு என்பதால் ஒரே எண்ணையே திரும்பத் திரும்பத் தட்ட வேண்டியிருந்தது. வாய்ப்பாடு படிக்கிற பிள்ளைகூட அடுத்த எண்ணுக்குப் போகும், நீங்க ரெண்டு பேரும் ஒன்றையே பிடித்துத் தொங்குகிறீர்களே என்று அம்மா சொல்லுவாள். ஆனால் விளக்கைக் கிட்டே நகர்த்திவைப்பதும் அம்மாதான். தம்பிக்கென்று தனியாக ஒரு முட்டை வேகவைக்கவும் தொடங்கியிருந்தாள்.

தை பிறப்பதற்குள் மாமா தாளைப் பார்க்காமல் வாசித்தார். ஆனாலும் சில இடங்களில் அவர் முகம் கோணும். குடைத் தாள் முடிந்து இரண்டாவதில் கால் வைக்கிற இடம். அங்கிருந்து சைக்கிளுக்குத் தாவுகிற இடம். ஒரு நாள் நிறுத்திவிட்டார்.

"இந்த எடத்துக்கு வந்தா கை போக மாட்டேங்குது. ஒரு தெருவுல போய்க்கிட்டிருக்கும்போது யாரோ தூக்கி வேற தெருவுல எறக்கி விட்டாப்புல இருக்கு."

"சப்பான் பாட்டு அப்படித்தான் இருக்கும் மாமா. நிறுத்தாதீக" என்றாள் அக்கா.

பூனை வந்ததும் சரியாகிவிடும். நாலாவது தாளும் ஐந்தாவது தாளும் மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். அங்கே மாமா கண்ணை மூடிக்கொள்வார். அக்கா எண் சொல்வதை நிறுத்திவிடுவாள். எங்கள் மூன்று பேர் கையும் ஒரே நேரத்தில் பலகையைத் தள்ளும். அம்மா எங்களைத் திரும்பிப் பார்ப்பாள். பிறகு மீன் தாள் வந்ததும் பழையபடி இடிக்கும். கடைசித் தாளில் ஒருவழியாக வந்து உட்காரும். உட்கார்ந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அது குடைத் தாளின் வாடையோடு இருக்கும். அதனால்தான் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று அக்கா சொன்ன கதையில் எனக்கு நம்பிக்கை வந்தது.

மாசிக் கடைசியில் மாமா விருதுநகருக்குப் புறப்பட்டார். அக்காவைக் கூட்டிப்போக முடியாது. துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டார். அக்கா முதல் நாளே அவர் சட்டையைத் துவைத்து, செம்பில் கங்கு போட்டுத் தேய்த்துவைத்திருந்தாள். அம்மா எனக்குத் தலை பின்னிவிடும்போது, வரும்போது அவன் கையில் கிட்டார் இருந்தால் வாசலிலிருந்தே சத்தம் கொடு என்றாள். பஸ்ஸில் மாமா தொடையில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார்.

குழுவின் ரூம் ஒரு பாத்திரக் கடை மாடியில் இருந்தது. அண்ணாச்சியும் டிரம்ஸ் அடிக்கிறவரும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அண்ணாச்சியே ஒயரை எடுத்துக் கிட்டாரில் சொருகிப் பெட்டியைப் போட்டுவிட்டார். மாமா சும்மா ஒரு கம்பியைத் தட்டினார். அந்தச் சத்தம் என் வயிற்றில் வந்து முட்டியது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. மாமா கையை எடுத்துவிட்டார். தன் கையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை.

பிறகு வாசித்தார். தாளைப் பார்க்கவில்லை. ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. அண்ணாச்சி முதலில் தலையை ஆட்டினார். பிறகு ஆட்டுவதை நிறுத்தினார். டிரம்ஸ்காரரைப் பார்த்தார். பூனை வந்தது. இரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், டிரம்ஸ்காரர் தொடையில் தாளம் போட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மீன் வந்தது. டிரம்ஸ்காரர் கையை மடக்கிக்கொண்டார். பாட்டு முடிந்த பிறகு பெட்டி மட்டும் கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"கை நல்லா சுத்தமா இருக்கு தம்பி. காதுதான் இல்ல. ஒரு வீட்டு வாசல்ல நொழஞ்சு இன்னொரு வீட்டுக் கொல்லப்பக்கம் வெளிய வார. சுருதி மாறுறது உனக்குத் தெரியவே இல்லையா?"

"தாள்ல அப்படித்தான் போட்டிருக்கு அண்ணாச்சி."

"தாள்ல ஆயிரம் போட்டிருக்கும். வாசிக்கிறவனுக்கு உறுத்தணும்ல. மேடையில பாடுறவன் எறங்குறப்ப நீ கூட எறங்கணும். தாளப் பாத்துக்கிட்டா இருப்ப?"

உறுத்துகிறது என்று மாமா சொல்லியிருக்கலாம். மார்கழியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படித்தவர்கள் அச்சடித்த தாள் தப்பாக இருக்கும் என்றும், ஒன்பதாவது தாண்டாத தன் காது சரியாக இருக்கும் என்றும் ஒரு மருந்துக்காரன் எப்படிச் சொல்ல முடியும். தலையைக் குனிந்துகொண்டார். கிட்டாரைக் கழற்றி, கம்பியில் ஒட்டியிருந்த வெள்ளியைத் தன் சட்டை நுனியாலேயே துடைத்து, சுவரில் சாய்த்துவைத்தார். சர்ச்சில் வாசிக்கிற ஒரு பையனை வரச் சொல்லியிருப்பதாக அண்ணாச்சி சொன்னார். ஸ்பீக்கர் தூக்குவதற்கு எப்போது வேண்டுமானாலும் வா என்றும் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. மாமா நின்றுகொண்டே வந்தார். ஊருக்குக் கொஞ்சம் முன்னால் குனிந்து என்னிடம் கேட்டார்.

"நீ சொல்லு புள்ள. அந்தப் பூன வார எடம் நல்லாத்தான இருந்துச்சு?"

நல்லா இருந்துச்சு மாமா என்றேன்.

வாசலிலிருந்து நான் சத்தம் கொடுக்கவில்லை. அம்மா எழுந்து வந்து பார்த்தாள். அவர் கை வெறுமையாக இருப்பதைப் பார்த்தாள். சோறு போட்டாள். அக்கா உருட்டிக்கொண்டே இருந்தாள். மாமா சாப்பிட்டுக் கை கழுவியதும் அம்மா சொன்னாள், அவசரமில்லை, வேற சோலி கிடைக்காமலா போகும், இவள் எங்கேயும் ஓடிப்போக மாட்டாள் என்று. அவள் தணிந்து பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமா சரி அக்கா என்றார்.

மறுநாள் காலையில் வேன் வந்தது. மாமா ஏறிக்கொண்டார்.

பங்குனியில் வெயில் ஏறும்போது மருந்து கலக்கிறவர்கள் விடியற்காலையிலேயே வேலையை முடித்துவிட வேண்டும். அந்த வருடம் ஆர்டர் அதிகம். வெயில் வந்த பிறகும் கலக்கினார்கள் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. அது ஒரு சனிக்கிழமை, எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து உருட்டிக்கொண்டிருந்தோம். முதலில் பலகைதான் அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் அலறுவதில்லை. எந்தத் திசை என்று பார்ப்பார்கள். அம்மா எழுந்து வெளியே போனாள். தெற்கே புகை நின்றது. வெள்ளைப் புகை. அம்மா சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஓடினாள். தெருவில் எல்லாப் பெண்களும் ஓடினார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை. கையில் சுற்றியிருந்த குழாயை முடித்துக் கம்பியிலிருந்து உருவி வைத்தாள். அடுத்த தாளை எடுத்தாள்.

சாயந்திரம் அம்மா வந்தாள். மாமாவை முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியவில்லை. சட்டைத் துணியை வைத்துச் சொன்னேன் என்றாள். விருதுநகருக்குப் போட்டுப்போன சட்டை அது. வேலைக்கு ஏன் அதைப் போட்டுப்போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் கழிந்ததும் அம்மா சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு நஷ்டஈட்டு மனுக் கொடுக்கப் போனாள். மனைவி உண்டா, பிள்ளை உண்டா என்று கேட்டார்களாம். இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். அன்று மத்தியானம் வீட்டில் அக்காவும் நானும் இருந்தோம். அக்கா காலண்டர் அட்டையை ஆணியிலிருந்து எடுத்தாள். கிளிப்பைக் கழற்றினாள். ஏழு தாளையும் பலகையில் வைத்து, பசை தடவி, ஒவ்வொன்றாக உருட்டினாள். பூனைத் தாளைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதையும் உருட்டினாள். சாக்கில் மற்றக் குழாய்களோடு போட்டுவிட்டாள். அந்தத் தீபாவளிக்கு அது எந்த ஊரில் வெடித்ததோ.

நான் எட்டாவது முடித்துவிட்டு நின்றேன். பதினெட்டு ஆனதும் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பைண்டிங் செக்‌ஷனில் சேர்ந்தேன். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். முதல் வாரம் என்னைப் பாரம் மடிக்கிற இடத்தில் உட்காரவைத்தார்கள். ஒரு பெரிய தாளில் முன்பக்கம் எட்டு, பின்பக்கம் எட்டு என்று பதினாறு பக்கம் அச்சாகி வரும். அதற்குப் பெயர் பாரம். என் முன்னால் கிடந்தது ஏதோ பள்ளிக்கூடப் புத்தகத்தின் பாரம். கீழ் வரிசையில் பக்க எண் போட்டிருந்தது. நாலு. அதற்குப் பக்கத்தில் பதிமூன்று. அதற்குப் பக்கத்தில் பதினாறு. பிறகு ஒன்று. எண் தப்பிவிட்டது என்று நான் எழுந்து சொன்னேன். செக்‌ஷனே சிரித்தது. வயதான ஒரு அக்கா வந்து, இப்படிக் கிடந்தால் எப்படி வரிசையாக இருக்கும் புள்ள, மடிச்சுப் பாரு என்றாள். மடித்தேன். ஓரத்தைக் கிழித்துப் புரட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எல்லாம் தன் தன் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தன.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். அக்கா வெட்டிய வரிசை எனக்கு மறக்கவில்லை. கீழே குடை, ஒன்றுமில்லை, சைக்கிள், கைப் படம். மேலே தலைகீழாக, திருப்பிப் பார்த்தால் பூனை, ஒன்றுமில்லை, மீன், ஒன்றுமில்லை. பேனாவால் குறித்து, பாரத்தின் எண்களை அந்தந்த இடத்தில் போட்டேன்: குடை நாலு, கடைசித் தாள் ஐந்து, பூனை எட்டு, அதற்கடுத்தது ஒன்பது. படம் போட்ட தாள் ஒவ்வொன்றும் ஒரு பாட்டின் தொடக்கம். நாங்கள் நாலு பாட்டின் தலையையும் வாலையும் ஒன்றோடொன்று ஒட்டிவைத்து அதை ஒரே பாட்டு என்று நம்பியிருக்கிறோம். பூனைப் பாட்டின் இரண்டு பக்கம் மட்டும் எப்படியோ பக்கத்தில் பக்கத்தில் விழுந்திருக்கிறது. மாமா கண்ணை மூடிக்கொண்ட இடமும், அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்த இடமும் அதுதான். காது இல்லை என்று அவர் சொன்னதை அந்த வயதில் நான் அப்படியே நம்பினேன். மாமாவும் நம்பிக்கொண்டுதான் வேன் ஏறினார்.

அக்காவை வில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு டீக்கடைக்காரருக்குக் கொடுத்தோம். இரண்டு பிள்ளைகள். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. வெட்டி அடுக்கியது அவள் கை.

குறித்த தாளை மடித்துப் புரட்டிப் பார்த்தேன். சைக்கிளின் மிச்சம் மட்டும் அதில் இல்லை, அது அடுத்த பாரத்தில் இருந்திருக்கும். குடைக்கு எதிரில் குடையின் மிச்சம் இருந்தது. பூனைக்கு எதிரில் பூனை. மீனுக்கு எதிரில் மீன். அண்ணாச்சி கேட்டது ஏதாவது ஒரு பாட்டு. தலையும் வாலுமாக முழுதாக இருந்த பாட்டுகளை எண்ணினேன்.

மூன்று.